இழப்பு எவ்வளவு என்ற கேள்வி

ஹூஸ்டனில் எரிசக்தித் துறை நிறுவனம் ஒன்றின் உள்தணிக்கைப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில், எங்கள் தளத்தில் நடந்தவற்றுள் மிக நீண்ட வாக்குவாதம் பேஸ்பாலைப் பற்றியது. 2019 நவம்பர் 12ஆம் தேதி 'தி அத்லெட்டிக்' இதழில் கென் ரோசென்தாலும் எவன் டிரெல்லிக்கும் ஒரு செய்தி எழுதினார்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2017ஆம் ஆண்டில் சொந்த மைதானத்தில் கேமராவின் துணையோடு எதிரணியின் சைகைகளைத் திருடியது என்பதை அந்த அணியின் முன்னாள் பிட்சர் (பந்து வீசுபவர்) மைக் ஃபயர்ஸ் தம் பெயரை மறைக்காமல் அதில் உறுதிப்படுத்தியிருந்தார். அடுத்த வசந்த காலம் வரை உணவறையிலும், கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய நிமிடங்களிலும் இதே பேச்சுதான். விதிமீறல்களைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள், தாங்கள் உயிராக நேசிக்கும் அணி விதியை மீறியபோது எப்படியெல்லாம் வாதாடினார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தது, என் தொழிலைப் பற்றியே எனக்குப் பலவற்றைத் தெளிவாக்கியது.

அந்த அணி அந்த நகரத்துக்கு எத்தகையது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1962இல் களமிறங்கிய அணி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், அமெரிக்க மேல்நிலை பேஸ்பால் லீக்கின் இறுதிப் பட்டப் போட்டியான உலகத் தொடரை வென்றதில்லை. 2011 முதல் 2013 வரை ஒவ்வோர் ஆண்டும் நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்றது. 2013இல் மட்டும் 111 தோல்விகள். 2017 ஆகஸ்ட் இறுதியில் ஹார்வி புயலின் வெள்ளம் நகரத்தை மூழ்கடித்தது. எங்கள் பிரிவிலேயே, கீழ்த்தளத்தின் சுவர்ப் பலகைகளையும் தரைவிரிப்புகளையும் பெயர்த்துத் தெருவோரம் குவித்துவிட்டு மாடியில் குடியிருந்தவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டின் நவம்பர் 1ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஏழாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் அணியை 5-1 என்று வென்று ஆஸ்ட்ரோஸ் முதல் பட்டத்தைப் பெற்றபோது, அது அவர்களுக்கு வெறும் விளையாட்டுச் செய்தியாக இருந்திருக்க முடியாது. ஆகவே இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த செய்தியை அவர்கள் முதலில் நம்ப மறுத்ததை நான் குறைகூறத் துணியவில்லை.

கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர், அடுத்து எந்த வகைப் பந்தை வீச வேண்டும் என்பதைத் தன் விரல்களால் பிட்சருக்குக் காட்டுவார். பிட்சர் வீசும் இடத்துக்கும் பேட்டர் நிற்கும் இடத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். வேகப்பந்து பேட்டரை அடைய ஏறத்தாழ 0.4 நொடிதான் ஆகும். வருவது வேகப்பந்தா, தாமதித்து வளையும் பந்தா என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அந்த 0.4 நொடியின் பெரும் பகுதி பேட்டருக்கு மிச்சமாகிறது. பிட்சருக்குப் பின்னால், கேட்சரை நேராகப் பார்க்கக்கூடிய இரண்டாம் பேஸில் நிற்கும் எதிரணி ஓட்டக்காரர் தன் கண்ணால் அந்த விரல்களைப் பார்த்துப் புரிந்துகொண்டு சக வீரருக்குத் தெரிவிப்பது விதிக்கு உட்பட்டது. அதைத் தடுக்க, அவர் அங்கே நிற்கும்போது கேட்சர் சைகைகளின் வரிசையை மாற்றுவார். ஆனால் ஆட்டம் நடக்கும்போது மின்னணுக் கருவியைக் கொண்டு சைகையைத் திருடக் கூடாது. கண்ணால் பார்ப்பது திறமையென்றால் கேமராவால் பார்ப்பது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்று எங்கள் குழுவின் மூத்த தணிக்கையாளர் கேட்டார். அவருக்கு நான் கிரிக்கெட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னேன். அதே 2017இல், மார்ச் மாதம், பெங்களூரு டெஸ்டில் எல்பிடபிள்யூ கொடுக்கப்பட்ட ஸ்டீவ் ஸ்மித், மறுபரிசீலனை கேட்கலாமா என்பதற்கு விடை தேடி ஓய்வறையை நோக்கித் திரும்பினார். நடுவர்கள் உடனே தடுத்தார்கள். களத்தில் நிற்பவர்கள் தங்கள் கண்ணையும் அறிவையும் மட்டுமே நம்ப வேண்டும் என்பது அந்த விதியின் உயிர்நாடி. இரண்டாம் பேஸில் நிற்பவரை எதிரணி பார்க்க முடியும், பார்த்துத் தற்காத்துக்கொள்ளவும் முடியும். சுரங்கப் பாதையில் மாட்டிய திரையை அவர்களால் பார்க்க முடியாது.

ஆஸ்ட்ரோஸின் ஏற்பாடு வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. மைய மைதானத்துக் கேமராவின் நேரடிக் காட்சி, வீரர்கள் அமரும் டக்அவுட்டுக்குப் பின்னுள்ள பாதையில் மாட்டிய திரையில் ஓடும். அதைப் பார்த்துச் சைகையைக் கண்டறிந்தவர் பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியை மட்டையால் அடிப்பார். ஓசை கேட்டால் வளைவுப் பந்து போன்ற வேகம் குறைந்த பந்து. கேட்காவிட்டால் பெரும்பாலும் வேகப்பந்து. 2017 செப்டம்பர் 21ஆம் தேதி சிகாகோ வொய்ட் சாக்ஸ் அணியின் டேனி ஃபர்குவார் வீசிக்கொண்டிருந்தபோது, கேட்சர் குறிப்பிட்ட ஒரு சைகையைக் காட்டும்போதெல்லாம் அந்த ஓசை எழுவதைக் கவனித்தார். பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கி, கேட்சரை அழைத்துப் பேசி, சைகைகளை மாற்றினார். பேட்டர் எவன் கேட்டிஸ் ஆட்டமிழந்தார். டக்அவுட்டில் அச்சம் பரவியது. வீரர்கள் சிலர் திரையைச் சுவரிலிருந்து கழற்றி ஓர் அலுவலக அறையில் ஒளித்துவைத்ததாக லீக்கின் விசாரணை அறிக்கை கூறுகிறது. தாங்கள் செய்வது விதிக்கு உட்பட்டது என்று நம்பியவர்கள் எதற்காகத் திரையை ஒளிக்க வேண்டும்? அந்த ஒரு வாக்கியத்தைப் படித்த பிறகு, நோக்கத்தைப் பற்றிய விவாதம் எனக்கு முடிந்துவிட்டது.

எங்கள் தளத்தில் அது முடியவில்லை. எல்லா அணிகளும் ஏதோ ஒரு வகையில் செய்வதுதான் என்பது ஒரு வாதம். அதில் வரலாற்று உண்மை உண்டு. 1900ஆம் ஆண்டிலேயே பிலடெல்பியா அணி, மூன்றாம் பேஸ் அருகே மண்ணுக்குள் மின்கருவியைப் புதைத்து வைத்திருந்ததை சின்சினாட்டி வீரர் டாமி கார்கரன் தம் காலணியால் கிளறிக் கண்டுபிடித்தார். 1951இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி தொலைநோக்கியையும் மின்மணியையும் பயன்படுத்தியது பின்னாளில் வெளிவந்தது. 2017 செப்டம்பரில் பாஸ்டன் அணி கைக்கடிகாரக் கருவியைப் பயன்படுத்தியதற்காக அபராதம் கட்டியது. ஆனால் அந்த அபராதத்தோடு லீக் ஆணையர் ராப் மேன்ஃபிரெட் எல்லா அணிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இனி இத்தகைய மீறல்களுக்கு, களத்தில் அணியை நடத்தும் மேலாளரும் அணி நிர்வாகத்தைக் கவனிக்கும் பொது மேலாளருமே பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தார். ஃபர்குவார் ஓசையைக் கேட்டது அந்தச் சுற்றறிக்கைக்குப் பிறகு. சுற்றறிக்கை வந்த மறுநாளிலிருந்து "எல்லோரும் செய்கிறார்கள்" என்ற வாதத்துக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

இதைவிட வலிமையான வாதம் எண்களைக் கொண்டு வந்தது. 2017 பருவத்தில் ஆஸ்ட்ரோஸ் சொந்த மைதானத்தில் 48 வெற்றி, 33 தோல்வி; வெளியூர்களில் 53 வெற்றி, 28 தோல்வி. திருட்டு நடந்த இடத்தில் குறைவாகவும் நடக்காத இடத்தில் கூடுதலாகவும் வென்றிருக்கிறார்கள், ஆகவே பயனே இல்லை என்று மூத்தவர் வாதிட்டார். வரிக் கணக்குப் பிரிவிலிருந்த ஒரு பெண்மணி, லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து டாட்ஜர்ஸ் ரசிகையாக வளர்ந்தவர், பருவத்துக்குப் பிந்தைய, பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டங்களின் கணக்கை எடுத்து வைத்தார்: சொந்த மைதானத்தில் 8 வெற்றி, ஒரே ஒரு தோல்வி; வெளியில் 3 வெற்றி, 6 தோல்வி. இரண்டு பட்டியல்களும் உண்மையானவை. இரண்டும் விரும்பியதை மெய்ப்பிக்கப் போதுமானவை. 2020 பிப்ரவரியில் அணியின் உரிமையாளர் ஜிம் கிரேன் செய்தியாளர்களிடம், இது ஆட்டத்தைப் பாதிக்கவில்லை என்பதே எங்கள் கருத்து என்றார்; சற்று நேரத்திலேயே, பாதிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை என்றும் கூறினார்.

உள்தணிக்கையில் இந்த வாதத்தை நாங்கள் கேட்காத மாதமே இருந்ததில்லை. கொள்முதல் ஆணையில் இரண்டாவது கையெழுத்து இல்லை என்று குறிப்பு எழுதினால், அந்தப் பிரிவிலிருந்து வரும் முதல் பதில் "நிறுவனத்துக்கு இழப்பு ஒன்றும் இல்லையே" என்பதுதான். எங்கள் அறிக்கைப் படிவத்தில் 'மதிப்பிடப்பட்ட இழப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் சுழியம் என்று எழுத வைத்துவிட்டால், மீறலே நடக்கவில்லை என்று மேலிடத்தில் பேசிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. இரண்டாவது கையெழுத்து இல்லாத ஆணை நல்ல விலைக்கே முடிந்திருக்கலாம். அதே வழியில் போட்டியிட்டிருக்கக்கூடிய இன்னொரு விற்பனையாளருக்கு வாய்ப்பே போகவில்லை என்பது அந்தக் கட்டத்தில் பதிவாகாது. மீறலின் அளவை மீறியவரின் ஆதாயத்தைக் கொண்டு மட்டும் அளந்தால், இழந்தவர் கணக்குக்கு வெளியே போய்விடுகிறார்.

பேஸ்பாலில் அப்படிக் கணக்குக்கு வெளியே போனவர்களுள் ஒருவர் மைக் போல்சிங்கர். 2017 ஆகஸ்ட் 4ஆம் தேதி டொராண்டோ அணிக்காக ஹூஸ்டனில் வீச வந்தவர், ஒரே ஒரு ஆட்டக்காரரை வெளியேற்றுவதற்குள் 29 பந்துகள் வீசி 4 ஓட்டங்கள் விட்டுக்கொடுத்தார். உடனே கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்பட்டார். அதற்குப் பின் மேல்நிலை லீக்கில் அவர் வீசவேயில்லை. ஜப்பானுக்குப் போய் ஆடினார். ஆஸ்ட்ரோஸின் ரசிகரான ஓர் இணையதள வடிவமைப்பாளர், 2017இன் 58 சொந்த மைதான ஆட்டங்களின் காட்சிப் பதிவுகளை ஒவ்வொரு பந்தாகக் கேட்டு, 8,200க்கும் மேற்பட்ட பந்துகளில் 1,143 தட்டொலிகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் மிக அதிகமாகத் தட்டொலி கேட்டது அந்த ஆகஸ்ட் 4 ஆட்டத்தில்தான். ஆஸ்ட்ரோஸ் 16-7 என்று வென்ற அந்த ஆட்டத்தின் முடிவு, தொட்டியை யாரும் தட்டாவிட்டாலும் மாறியிருக்காது. போல்சிங்கரின் தொழில்வாழ்வு அதனால்தான் முடிந்தது என்று ஒரு தணிக்கையாளராக என்னால் கையெழுத்திட முடியாது. அவருக்கு நேர்மையான ஒரு தேர்வு கிடைக்கவில்லை என்று தயங்காமல் கையெழுத்திடுவேன். மூத்தவர் மேசையில் நான் வைத்த பட்டியலை நெடுநேரம் பார்த்துவிட்டு, தம் அணியின் ரசிகரே இதைச் செய்திருக்கிறார் என்பதுதான் தம்மை உலுக்கியது என்றார். அதன் பிறகு 48-33 பற்றி அவர் பேசவில்லை.

என்னை மிகவும் ஆட்கொண்டது மேலாளர் ஏ.ஜே. ஹிஞ்சின் நடத்தை. அவருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அந்தத் திரையை இரண்டு முறை சேதப்படுத்தினார். இரண்டு முறையும் வேறு திரை மாட்டப்பட்டது. ஆனால் இதை நிறுத்துங்கள் என்று வீரர்களிடம் அவர் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் உடனே நிறுத்தியிருப்போம் என்று வீரர்கள் விசாரணையில் கூறியிருக்கிறார்கள். அதிகாரம் உள்ளவர் தம் வெறுப்பைக் காட்டுவதையே கடமை முடிந்ததாகக் கருதுவது அலுவலகங்களில் பழகிய நோய். முகம் சுளிப்பார்கள், கோப்பைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான். கீழே இருப்பவர்கள் அதை எரிச்சலாக எடுத்துக்கொள்வார்களே தவிர, தடையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பொது மேலாளர் ஜெஃப் லூனோவின் பக்கத்தில் இன்னொரு வகைச் சிக்கல். 2016 செப்டம்பரில் ஒரு பயிற்சி ஊழியர், சைகைகளை அவிழ்க்கும் 'கோட்பிரேக்கர்' என்ற எக்செல் செயல்முறையை அவருக்கு விளக்கிக் காட்டியதாக 2020 பிப்ரவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தி வெளியிட்டது. அது விதிக்கு உட்பட்டுப் பயன்படும் என்றே நினைத்ததாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. நிறுவனத்தின் கடைக்கோடியில் இருக்கும் இளைஞர் தம் திறமையைக் காட்ட ஒரு கருவி செய்து வரும்போது, இதை எங்கே, எப்போது பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்பது மேலே இருப்பவரின் வேலை.

2020 ஜனவரி 13ஆம் தேதி ஹிஞ்சுக்கும் லூனோவுக்கும் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அன்றே உரிமையாளர் இருவரையும் நீக்கினார். அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம். இரண்டு ஆண்டுகளுக்கு புதிய வீரர்களை முதல், இரண்டாம் சுற்றுகளில் தேர்ந்தெடுக்கும் உரிமைகள் பறிபோயின. பட்டம் பறிக்கப்படவில்லை. உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்ற உறுதியைப் பெற்றுப் பேசிய வீரர்கள் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2018இல் பந்தைச் சுரண்டிய ஆஸ்திரேலிய வீரர்கள் மாதக்கணக்கில் ஆட முடியாமல் இருந்ததை அறிந்த எனக்கு இது ஒப்பவில்லை. விலக்கு தராமல் உண்மை வந்திருக்காது என்பது சரி. எங்கள் விசாரணைகளிலும் அந்த விலையைக் கொடுத்திருக்கிறோம். ஆனால் எல்லோருக்கும் ஒட்டுமொத்தமாக விலக்கு அளிப்பதற்கு முன், முதலில் வாய்திறப்பவருக்கு மட்டும் அளித்துப் பார்த்திருக்கலாம்.

2022இல் லீக் 'பிட்ச்காம்' என்ற கருவியை அனுமதித்தது. கேட்சர் பொத்தானை அழுத்தினால், பிட்சரின் தொப்பிக்குள் இருக்கும் ஒலிப்பான் எந்தப் பந்து என்பதைச் சொல்லிவிடும். விரலுக்கு வேலை குறைந்தது, கேமராவுக்குப் பார்க்க ஒன்றுமில்லாமல் போனது. அதே ஆண்டில் மேலாளர் டஸ்டி பேக்கரின் தலைமையில் ஆஸ்ட்ரோஸ் மீண்டும் பட்டம் வென்றது. டாட்ஜர்ஸ் ரசிகையான அந்தப் பெண்மணி இந்தப் பட்டத்தை மனமார ஏற்றுக்கொள்வதாகவும், 2017ஐ ஒருபோதும் ஏற்கப் போவதில்லை என்றும் சொன்னார். நானும் அவர் பக்கம்தான்.

புதிதாகச் சேரும் தணிக்கையாளர்களுக்கு முறைகேடுகளைத் தெரிவிப்பது பற்றி வகுப்பெடுக்கும்போது இந்த நிகழ்வைப் பயன்படுத்தத் தொடங்கினேன். ஃபயர்ஸ் பட்டத்தின் மோதிரத்தை வாங்கிக்கொண்டு, வேறு அணிக்குப் போன பிறகுதானே பேசினார், அவரை எப்படி நேர்மையாளர் என்பது என்று எப்போதும் யாராவது ஒருவர் கேட்பார். அவர் டெட்ராய்ட்டுக்கும் பிறகு ஓக்லாந்துக்கும் போனபோது அந்த அணிகளின் சக வீரர்களை எச்சரித்தார். ஓக்லாந்து அணி லீக்கிடம் முறையிட்டும் பார்த்தது. பெயர் சொல்லாமல் வந்த எதுவும் எதையும் அசைக்கவில்லை. ஒரு மனிதர் தம் பெயரை அச்சில் கொடுத்த இரண்டே மாதங்களில் அறிக்கை வெளிவந்தது. அதற்குப் பரிசாக அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. இதையெல்லாம் சொல்லிவிட்டு, பெயரில்லாமல் வந்த முறையீடு ஏன் கிடப்பில் போடப்பட்டது என்ற கேள்வியை அவர்களிடம் கொடுப்பேன். அன்றைய வகுப்பின் மீதி நேரம் அதற்கே போய்விடும்.