படிக்கட்டில் ஒரு தூக்குவாளி

ஜூன் 3
மழை. மறுபடி வோங் கார்-வாய் இயக்கிய ‘இன் தி மூட் ஃபார் லவ்’ படம், 98 நிமிடம். டிவியின் ‘ஜூம்’ அமைப்பை அணைத்துவிட்டே தொடங்க வேண்டும். படத்தின் அகலம் உயரத்தைப்போல் 1.66 மடங்கு, டிவிக்கு 1.78. ஓரங்களில் மெல்லிய கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். அதை நிரப்பப் போனால் மேலும் கீழும் வெட்டுப்படும். கதவு நிலைகளுக்குள் ஆட்களை ஒடுக்கிவைத்து எடுத்த படத்தில் நிலையே போய்விட்டால் என்ன மிச்சம்?

ஜூன் 4
அந்தத் தூக்கு.

ஜூன் 6
படிக்கட்டு. தூக்கில் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு அவள், திருமதி சான், ஏற, அவன், பக்கத்து வீட்டு சௌ, இறங்குகிறான். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததைப் பிற்பாடு ஸ்லோமோஷனாக இழுத்தால் நடை வெட்டி வெட்டி வரும். 48-இல் எடுத்து 24-இல் ஓட்டினால் வழுக்கும். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பாதி வெளிச்சம்தான் கிடைக்கும். லென்ஸின் துளையை அகலத் திறந்தாக வேண்டும். திறந்தால் ஃபோகஸ் ஆழம் குறுகி, ஆள் அரையடி விலகினாலே முகம் கலங்கும்.

இசை மூன்று எண்ணிக்கை: தகிட, தகிட. கீழே விரலால் சுண்டும் தந்திகள், மேலே வில் இழுக்கும் வயலின். ஜப்பானிய இசையமைப்பாளர் உமெபயாஷி இதை 1991-இல் வந்த ‘யுமெஜி’ படத்துக்காக எழுதினார். இந்தப் படிக்கட்டுக்கென்றே பிறந்தது போல இருக்கிறது.

ஜூன் 7
போன் வரவில்லை.

ஜூன் 9
அதே சந்து, அதே விளக்கு. ஷாட் மாறியதும் அவளுடைய சியோங்சாம், உடலை ஒட்டிய அந்தச் சீன உடை, மட்டும் மாறியிருக்கும். அதுதான் தேதி. உடையைக் கவனிக்காதவர்களுக்குப் பல நாள் ஒரே இரவாகிவிடும். படத்தொகுப்பு, அரங்கம், உடை மூன்றும் வில்லியம் சாங் கையில் இருந்ததால்தான் இது கைகூடியது.

ஜூன் 10
“உங்களுக்கு வேறொருத்தி இருக்கிறாளா?” கணவனைத்தான் கேட்கிறாள் என்று நினைக்கிறோம். எதிரே இருப்பது சௌ. கணவனிடம் கேட்பதற்கான ஒத்திகை. அவள் கணவன் முகத்தையும் அவன் மனைவி முகத்தையும் படம் கடைசிவரை காட்டுவதில்லை. முதுகு, குரல், ஒரு கைப்பை, ஒரு டை. தங்களுக்குள் தொடர்பு வைத்துத் துரோகம் செய்த அவர்களுக்கு முகம் இல்லாததால், அவர்களாக நடித்துப் பார்க்க இந்த இருவருக்கும் இடம் கிடைக்கிறது. நடிப்பென்று தெரிந்தும் அவள் உடைந்துபோகிறாள். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறது. இவ்வளவு ஆன பிறகும் ‘திருமதி சான்’, ‘மிஸ்டர் சௌ’தான்.

ஜூன் 12
சௌ எழுதுவதற்காக எடுத்த ஓட்டல் அறை 2046. தாழ்வாரத்துச் சிவப்புத் திரைச்சீலைகள். வோங் கார்-வாய் மேற்பார்வையில் வந்த 4கே பதிப்பில் பச்சை ஏறியிருக்கிறது. எனக்குப் பழைய பதிப்பின் சிவப்பே வேண்டும்.

ஜூன் 13
தூக்கம் இல்லை. தூக்கில் ஒருவர் சாப்பாடுதான். வீட்டுக்கார சூன் அம்மா ஷாங்காய் மொழியில் சாப்பிடக் கூப்பிடக் கூப்பிட, இவள் நூடுல்ஸ் கடைக்குப் போகிறாள். அவன் காய்ச்சலில் எள்ளுப் பாயசத்துக்கு ஆசைப்பட்டபோதோ, பானை நிறையக் காய்ச்சி எல்லோருக்கும் கொடுக்கிறாள். ஒருவனுக்காகச் செய்தது என்று யாருக்கும் தெரியக் கூடாதே.

ஜூன் 14
போன் இல்லை.

ஜூன் 15
கம்போடியாவின் அங்கோர் வாட் கோயில், 1966. சுவர்த் துளையில் வாய் வைத்து சௌ ரகசியம் பேசுகிறான். நமக்குக் கேட்பதில்லை. மேலே ஓர் இளம் துறவியின் பின்தலை. பிறகு துளையை அடைத்த மண்ணில் புல். நாளை அந்த ஷாட்டை மட்டும்…