60 சென்டிமீட்டர் கேபிளும் 125 மெகாஹெர்ட்ஸும்

நான் வடிவமைத்த வெப்பநிலைப் பதிவுக் கருவியில் வைஃபை இல்லை, புளூடூத் இல்லை, ஆண்டெனா என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை. இருந்தும் அது கதிர்வீச்சு உமிழ்வுச் சோதனையில் முதல் முறை தோற்றது. வானொலி அலைகளை அனுப்பும் நோக்கமே இல்லாத ஒரு கருவி எவ்வளவு அலையைத் தன்னையறியாமல் வெளியிடுகிறது என்பதை அளப்பதுதான் அந்தச் சோதனை. அந்தத் தோல்வியின் காரணத்தைத் தேடிய சில வாரங்களில் நான் கற்றுக்கொண்டது, அதற்கு முன் பல ஆண்டுகள் சர்க்யூட் போர்டு வரைந்து கற்றதைவிட அதிகம் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

என் போர்டில் 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக் ஒன்று ஓடுகிறது. கிளாக் என்பது சிப்புகளின் வேலைக்குத் தாளம் தரும் சதுர அலை. சதுர அலைக்குள் அதன் அடிப்படை அதிர்வெண் மட்டுமல்லாமல் 3, 5, 7 மடங்கு என ஒற்றைப்படை மடங்குகள் அனைத்தும் அடங்கியிருக்கின்றன. அலையின் விளிம்பு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ அவ்வளவு உயரமான அதிர்வெண் வரை அந்த மடங்குகள் வலுவிழக்காமல் நீள்கின்றன. ஐந்தாம் மடங்கு 125 மெகாஹெர்ட்ஸ். விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரங்களும் பேசிக்கொள்ளும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்குள் அது விழுகிறது. இந்தச் சோதனையை வெறும் சான்றிதழுக்கான சடங்காக நினைக்க என்னால் முடியாமல் போனதற்கு இந்த ஓர் எண்ணே போதுமான காரணம்.

சோதனை அறையின் சுவர்களிலும் கூரையிலும் அலைகளை உறிஞ்சும் கூம்புகள் பதிக்கப்பட்டிருந்தன. தரை மட்டும் உலோகத் தகடு. சுழலும் மேடையில், 80 சென்டிமீட்டர் உயரமுள்ள மின்கடத்தா மேசைமீது கருவியை வைத்து, அதன் எல்லாக் கேபிள்களையும் இணைத்து, 3 மீட்டர் தொலைவில் ஆண்டெனாவை நிறுத்தினார்கள். மேடை முழு வட்டமாகச் சுழல, ஆண்டெனா 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏறி இறங்கியது. முதலில் கிடைநிலையிலும் பிறகு செங்குத்து நிலையிலும் அளந்தார்கள். ஏன் இந்த ஏற்ற இறக்கம் என்றால், கருவியிலிருந்து நேராக வரும் அலையும் தரையில் பட்டுத் திரும்பும் அலையும் ஓர் உயரத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வேறோர் உயரத்தில் கூடிக்கொள்ளும். ஒரே உயரத்தில் அளந்தால், அழியும் இடத்தில் ஆண்டெனா நின்றுவிட்டு, கெட்ட கருவியையும் நல்லது என்று சொல்லிவிடக்கூடும்.

வீட்டில் பயன்படும் கருவிகளுக்கான பி வகுப்பு வரம்பு, சிஸ்பர் 32 என்ற பன்னாட்டு உமிழ்வுத் தரநிலைப்படி, 3 மீட்டர் தொலைவில் 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை 40 டெசிபெல், அதாவது மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட். அதற்கு மேல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை 47 டெசிபெல். என் கருவி 125 மெகாஹெர்ட்ஸில் காட்டியது 46.8, ஏறத்தாழ 219 மைக்ரோவோல்ட். அனுமதிக்கப்பட்டதைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

முதல் அலசலில் உச்ச மதிப்பைத்தான் விரைவாக எடுப்பார்கள். வரம்பை நெருங்கும் புள்ளிகளை மட்டும் குவாசி பீக் முறையில் மீண்டும் அளப்பார்கள். வானொலி கேட்பவரின் காதுக்கு எது எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதை மனத்தில் வைத்து உருவான அளவீடு அது. 1 மில்லிநொடியில் நிரம்பி 550 மில்லிநொடியில் மெல்ல வடியும் அமைப்பு என்பதால், எப்போதாவது வரும் சொடுக்குச் சத்தத்தைக் குறைத்தும் இடைவிடாத இரைச்சலை முழுமையாகவும் மதிப்பிடும். அந்த மறு அளவீட்டில் எண் குறையும் என்று நான் நம்பியிருந்தேன். ஆனால் கிளாக்கின் மடங்கு இடைவிடாமல் ஒலிக்கும் ஒற்றைச் சுரம். அதற்கு இரண்டு முறைகளும் ஒரே விடையைத்தான் தரும். 46.8 அப்படியே நின்றது.

மின் இணைப்பு வழியாகத் திரும்பும் இரைச்சலுக்கான சோதனை, அதாவது 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது.

மேசைக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை தவறானது. கருவியை ஓர் உலோகப் பெட்டிக்குள் வைத்தேன். மீண்டும் அளந்தபோது 46.1. பெட்டி கட்டியும் பயனில்லை என்ற குழப்பத்தில்தான், அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன்: சென்சார் கேபிளைப் பிடுங்கினேன். எண் 33.5 ஆக விழுந்தது. அலையை வீசியது போர்டு அல்ல, கேபிள். அந்தக் கேபிளின் நீளம் 60 சென்டிமீட்டர். 125 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 2.4 மீட்டர், ஆகவே அது சரியாகக் கால் அலைநீளம். ஆண்டெனா செய்பவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் நீளத்தை நான் அறியாமலே பெட்டியிலிருந்து வெளியே நீட்டியிருந்தேன்.

இதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவை என்று கணக்கிட்டபோது வியந்துபோனேன். ஒரு மீட்டர் கேபிளில், அதன் எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம் 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் இருந்தாலே 3 மீட்டரில் 100 மைக்ரோவோல்ட் வரம்பைத் தொட்டுவிடும். கேபிளுக்குள் முறையாகப் போய் முறையாகத் திரும்பும் மில்லிஆம்பியர்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. திரும்பும் வழி தெரியாமல் அலையும் சில மைக்ரோஆம்பியர்களே சோதனையில் நம்மைத் தோற்கடிக்கின்றன.

அந்த மின்னோட்டம் எங்கிருந்து வந்தது? போர்டின் கிரவுண்ட் தளத்தில், அதாவது மின்னோட்டம் திரும்பி வரும் பொதுச் செப்புப் பரப்பில், சென்சார் பகுதியை இரைச்சலிலிருந்து காப்பதாக எண்ணி, நானே ஒரு பிளவை வெட்டியிருந்தேன். கிளாக்கைச் சுமக்கும் செப்புத் தடம் அந்தப் பிளவைத் தாண்டிச் சென்றது. உயர் அதிர்வெண்ணில் திரும்பும் மின்னோட்டம் தடத்துக்கு நேர் கீழேதான் ஓட விரும்பும். அங்கே தளம் இல்லையென்றால் பிளவைச் சுற்றி வளைந்து போகும். அந்த வளைவு, கிரவுண்டின் இரு பகுதிகளுக்கு இடையே ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஒரு பக்கம் மின்வழங்கிக் கேபிள், மறுபக்கம் சென்சார் கேபிள், நடுவில் அந்த மின்னழுத்தம்: ஆண்டெனாவுக்கு வேண்டிய எல்லாம் அங்கே அமைந்திருந்தன. கிரவுண்டைப் பிரிப்பது பாதுகாப்பு என்ற அறிவுரை இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. பிளவின் மேல் எந்தத் தடமும் போகக்கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்காமல் அதைச் சொல்வது தவறு என்றே கருதுகிறேன்.

உலோகப் பெட்டி ஏன் உதவவில்லை என்பதும் அப்போது விளங்கியது. கேபிளின் ஷீல்டை, அதாவது கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறையை, பெட்டியின் சுவரோடு சுற்றுமுழுவதும் இணைக்காமல், 5 சென்டிமீட்டர் கம்பி ஒன்றால் உள்ளே போர்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். கம்பியின் தூண்டம் (இண்டக்டன்ஸ்) மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி என்று வைத்தால் அந்தக் கம்பி 50 நானோஹென்றி. 125 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 40 ஓம். நேர்மின்னோட்டத்துக்கு இணைப்பாகத் தெரியும் அது, இந்த அதிர்வெண்ணில் ஒரு தடுப்பு.

உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்தைக் கேபிளில் மாட்டியபோது 42.3 வந்தது, போதவில்லை. பிளவின் குறுக்கே, கிளாக் தடத்துக்கு நேர் கீழே, செப்புத் தகட்டை வைத்துப் பற்றவைத்தபோது, ஃபெரைட் இல்லாமலே 36.0 ஆனது. அந்தத் துண்டுத் தகடுதான் என் விடை.

இடையில் ஒருவர், சோதனைக்கு மட்டும் குட்டையான கேபிளை இணைத்துக்கொண்டு போகலாமே என்றார். நான் மறுத்துவிட்டேன். கருவியைப் பயனர் எப்படி இணைத்து இயக்குவாரோ அப்படியே வைத்து அளப்பதில்தான் அந்த எண்ணுக்குப் பொருள் இருக்கிறது. இல்லையெனில் தேர்ச்சி தாளில் மட்டும் இருக்கும், இரைச்சல் யாரோ ஒருவருடைய வானொலியில் இருக்கும்.

இப்போது சோதனைக்கூடத்துக்குப் போகுமுன் என் மேசையிலேயே ஒவ்வொரு கேபிளையும் மின்னோட்டக் கவ்வியால் சுற்றி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்க்கிறேன். கவசமில்லாத அறையில் உள்ளூர் பண்பலை ஒலிபரப்புகளும் திரையில் எழுந்து நிற்கும் என்பதால், முதலில் கருவியை அணைத்துவிட்டு ஒரு பதிவு எடுத்துக்கொள்கிறேன். இந்த எண்களை வரம்போடு நேரடியாக ஒப்பிட முடியாது; மாற்றத்துக்கு முன்பும் பின்பும் எவ்வளவு வேறுபாடு என்பதற்கு மட்டும் அவற்றை நம்புகிறேன்.

பிளவை நீக்கித் திருத்திய போர்டு இரண்டாம் முறை தேர்ச்சி பெற்றது. 125 மெகாஹெர்ட்ஸில் 33.9. ஆனால் பதினைந்தாம் மடங்கான 375 மெகாஹெர்ட்ஸில் 44.2, அதாவது வரம்புக்குக் கீழே 2.8 டெசிபெல் மட்டுமே. ஒரு சோதனைக்கூடத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையே அளவீடு அதைவிடக் கூடுதலாக வேறுபடலாம். தயாரிப்பில் ஒரு கருவிக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு வரும். அந்த இடைவெளி எனக்குப் போதாது. ஆகவே அடுத்த பதிப்பில் கிளாக் தடத்தை இரு கிரவுண்ட் தளங்களுக்கு நடுவே உள் அடுக்கில் கொண்டுபோய், அதன் தொடக்கத்தில் இருக்கும் 22 ஓம் தடையை 47 ஓமாக உயர்த்தி, விளிம்பைச் சற்றே மெதுவாக்கி, மூன்றாம் முறை அளக்கப் போகிறேன்.