அம்மாவின் எண்டோஸ்கோப்பி எட்டாத இடம்

போன ஆடியில் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7.2. மலம் தார் மாதிரிக் கறுப்பு; உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்ற சந்தேகம். வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி ‘நார்மல்’ என்றதும் வீடே நிம்மதியானது. எனக்கு மட்டும் ரிப்போர்ட்டில் இருந்த ‘டி2 வரை’ உறுத்திக்கொண்டே இருந்தது.

டி2 என்பது முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதி, பித்தநீர் வந்து சேரும் இடம். சாதாரணக் குழாய் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். முன்சிறுகுடல் மொத்தமே சுமார் 25 செ.மீ.; சிறுகுடலோ ஏறத்தாழ 6 மீட்டர். ஆசனவாய் வழியே குழாய் விடும் கொலோனோஸ்கோப்பியும் சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டரைத்தான் காட்டும். அப்படியானால் நடுவில் இருப்பதை யார் பார்த்தார்கள்?

இன்னும் நீளமான குழாய் விட்டால் என்ன என்று டாக்டரிடம் கேட்டேன். சிறுகுடல் சுருண்டு, பிடிப்பில்லாமல் கிடப்பதால் தள்ளத் தள்ளக் குழாய் வளைந்துகொள்ளுமாம். ஜப்பானிய மருத்துவர் ஹிரோனோரி யமமோட்டோ கொண்டுவந்த இரட்டை பலூன் முறையில், பலூனை ஊதிக் குடலைப் பிடித்துக்கொண்டு, பாவாடைக்கு நாடா கோப்பது போலச் சுருக்கிச் சுருக்கி முன்னேறுகிறார்கள். கேட்கும்போதே எனக்குச் சிலிர்த்தது.

அம்மா முதலில் கேப்ஸ்யூல் கேமராவை விழுங்கினார். நடுச்சிறுகுடலில் ரத்தம் கசியும் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அப்புறம் பலூன் முறையில் போய் அதைச் சுட்டு அடைத்தார்கள். போன வாரம் ஹீமோகுளோபின் 11.4.