ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்கள்

முழங்கால் அறுவை சிகிச்சை எதையும் நான் தியேட்டருக்குள் நின்று பார்த்ததில்லை. பிசியோதெரபிஸ்டிடம் நோயாளிகள் அதற்குப் பிறகுதான் வருவார்கள். தேய்ந்த மூட்டை மாற்றாமல் காப்பாற்றப் பார்க்கும் முறைகளை நான் எடைபோடுவதும் அந்த வாரங்களை வைத்துத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆர்த்ராஸ்கோபி செய்து, அதாவது சிறு துளை வழியே கேமராக் குழாய் விட்டு, மூட்டைக் கழுவிக்கொண்டவர்கள் நிறைய வந்தார்கள். தையல் பிரிக்கும் முன்பே நடப்பார்கள், எனக்கும் வேலை சுலபம். சில மாதங்களில் அதே வலியோடு திரும்பி வருவார்கள். 2002இல் வெளியான ஓர் ஆய்வை அப்புறம்தான் படித்தேன். 180 பேரில் சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்தும், நிஜமாகவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அவர்களைவிட நன்றாக இல்லை. படித்த அன்று கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

எலும்பை வெட்டி வளைவைத் திருத்தும் ஆஸ்டியாட்டமி வேறு ரகம். கால் வில்லாக வளைந்தவர்களுக்கு உட்பக்கக் குருத்தெலும்புதான் முதலில் தேயும். இடுப்பு முதல் கணுக்கால் வரை எடுக்கும் நீள எக்ஸ்ரேயில் கோடு போட்டால், எடை முழுக்க அங்கே இறங்குவது தெரியும். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பான டிபியாவை வெட்டி, அந்தக் கோட்டை நடுவிலிருந்து சற்று வெளிப்பக்கம் தள்ளுகிறார்கள். மூட்டின் அகலத்தில் உள்விளிம்பிலிருந்து சுமார் 62 சதவீத தூரம் என்பது பழைய கணக்கு. இப்போது பலர் அவ்வளவு தள்ளுவதில்லை.

வெளிப்பக்கம் ஆப்பு போல எலும்பை எடுத்து மூடுவது ஒரு வகை. அதற்குப் பக்கத்து மெல்லிய எலும்பான ஃபிபுலாவையும் தொட வேண்டும், அருகிலேயே பாதத்தைத் தூக்கும் நரம்பு ஓடுகிறது. இந்த வகை செய்துகொண்டவர்கள் வந்தால் வலியை விசாரிப்பதற்கு முன், "கட்டைவிரலை மேலே தூக்குங்க" என்பேன். தூக்கிவிட்டால் எனக்குப் பாதி நிம்மதி. உட்பக்கம் வெட்டித் திறந்து தகடு வைப்பது இன்னொரு வகை. நரம்புக் கவலை குறைவு, ஆனால் அந்த இடைவெளியில் எலும்பு வளர வேண்டும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு அது இழுத்துக்கொண்டே போகும். திருகுகள் தகட்டோடே பூட்டிக்கொள்ளும் பூட்டுத் தகடுகள் வந்தபின் காலைச் சீக்கிரம் ஊன்ற விடுகிறார்கள் என்பது பெரிய ஆறுதல்.

மூட்டை 5 மில்லிமீட்டர் விலக்கி, வெளியே கம்பிச் சட்டம் மாட்டி, சுமார் 6 வாரம் விடும் டிஸ்ட்ராக்‌ஷனும் உண்டு. கம்பி நுழைந்த இடங்களில் தொற்று அடிக்கடி வரும். சட்டத்தைக் கழற்றியதும் மடங்க மறுக்கும் முழங்கால் என் பொறுப்பு.

ஏணி ஏறி வேலை பார்க்கும் ஒருவர், ஐம்பது வயதுகூட ஆகவில்லை, எது நல்லது என்று என்னைக் கேட்டார். சர்ஜனிடம் கேட்க வேண்டிய கேள்வி. சரி, எனக்குத் தெரிந்ததை நான் கேட்டேன்: "மூணு மாசம் ஏணிப் பக்கமே போகாம இருக்க முடியுமா?" விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இன்னும் முடிவு சொல்லவில்லை. சிகரெட்டைக் குறைத்திருக்கிறாராம். அந்தக் கம்பிச் சட்டம் மட்டும் வேண்டாம் மேடம் என்கிறார்.