பத்தாவது ஆள்

ஜூலை 13, 2025, ஞாயிறு

யூத மாதம் தம்மூஸ் 17. விடியலிலிருந்து நோன்பு. மும்பையில் எங்கள் யூத ஆலயத்தில் எட்டு பேர். பத்து ஆண்கள் சேராமல் இறந்தவருக்கான காதிஷ் ஜெபம் சொல்ல முடியாது. அப்பாவுக்குக் காதிஷ் இல்லை.

ஜூலை 14, திங்கள்

நேற்றைய தலைவலி இன்றும் விடவில்லை. பசி பிரச்சினையே இல்லை, டீதான். நோன்புக்கு ஒரு வாரம் முன்பே டீயைக் குறைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன். எருசலேம் கோவில் இடிந்த நாளின் பெரிய நோன்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இன்று மூன்று டீ.

ஜூலை 17, வியாழன்

பத்து! ஏழு மணிக்கே.

ஆட்களை ஒன்று இரண்டு என்று எண்ணக் கூடாது. கண் படும் என்று நம் ஊரில் சொல்வது போல ஏதோ பழைய பயம். அதனால் சரியாகப் பத்துச் சொல் உள்ள ஒரு சங்கீத வரியை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு சொல்லாக மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறோம். ‘ஹோஷியா’ என்று ஆரம்பிக்கும், காப்பாற்று என்று அர்த்தம். உன் ஜனத்தைக் காப்பாற்று, என்றென்றைக்கும் அவர்களைச் சுமந்துகொள் என்று போகும். பத்தாவது சொல் ‘ஹா-ஓலாம்’. ஒன்பதாவது சொல் ‘அத்’, அதாவது ‘வரை’. நிறைய நாள் ‘அத்’தோடு நின்றுவிடுகிறது. எதுவரை என்பதற்கான ஆள் தாணேயிலிருந்து வரும் ரயிலில் இருப்பார்.

இன்று எல்லாச் சொல்லும் கிடைத்தது. அப்பாவுக்குக் காதிஷ் சொன்னேன். பத்து மாதமாகச் சொல்கிறேன், இன்னும் நடுவில் ஒரு இடத்தில் நாக்கு சுழிக்கிறது. அதில் சாவு பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை என்பதை இப்போதெல்லாம் அடிக்கடி நினைக்கிறேன்.

ஜூலை 19, சனி, இரவு

சப்பாத், அதாவது ஓய்வுநாள், முடிந்து மூன்று நட்சத்திரம் பார்த்துத்தான் எழுத வேண்டும். மழை மேகத்தில் எந்த நட்சத்திரம்? காலண்டரைப் பார்த்து எழுதுகிறேன்.

பதிமூன்று பேர் வந்திருந்தார்கள், பெண்கள் தனி. தாணே பெரியவர் சரியான நேரத்துக்கு வந்தார். சப்பாத்தில் ரயில் ஏறக் கூடாது. அவர் ஏறாவிட்டால் எங்களுக்குப் பத்து சேராது. எப்படி வந்தீர்கள் என்று ஜெபம் நடத்தும் ஹசான் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. குடை மட்டும் வாசலில் சொட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் தாணேக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் இஸ்ரேலுக்கு. தாணேயில் 1879இல் கட்டிய ஆலயம் இருக்கிறது, கூட்டமும் உண்டு. அங்கேயே போய்விட வேண்டியதுதானே என்று கேட்டால் பெரியவர் பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்ப்பார். அவர் அப்பா உட்கார்ந்த பெஞ்சு இங்கேதான்.

ஜெபம் முடிந்ததும் வழக்கம் போல விரல் நுனியை விரலால் தொட்டு, பிறகு அவரவர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனோம். பிறகு திராட்சை சர்பத். உலர் கறுப்புத் திராட்சையை ஊறவைத்துப் பிழிந்தது. ஒயின் இடத்தில் பெனே இஸ்ரேல் யூதர்களான எங்களுக்கு இதுதான். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷமாஷ் இந்தத் தடவை தண்ணீரைத் தாராளமாக விட்டிருந்தார்.

ஜூலை 21, திங்கள்

இஸ்ரேலில் அஷ்தோதிலிருந்து தங்கை போன். “அண்ணா, இங்கே வர்ற பேப்பர் என்ன ஆச்சு?” ஒன்றும் ஆகவில்லை.

ஆனது என்று வைத்துக்கொண்டால்?

ஜூலை 23, புதன்

தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டேன். வேலை நாளில் நம்பி எண்ணக்கூடியவர்கள் ஏழு. வந்தாலும் வரலாம் என்பவர் இருவர். தாணே பெரியவர் ஒருவர். ஆக மொத்தம் பத்து, அதில் நானும் ஒன்று. நான் விமானம் ஏறினால் பாக்கி ஒன்பது. அப்பாவின் காதிஷ் அதற்குள் முடிந்துவிடும், ஆனால் பல் டாக்டருடைய அம்மா ஏப்ரலில்தான் போனாள். அவருக்கு மார்ச் வரை பத்துப் பேர் வேண்டும். இதைத் தங்கையிடம் சொன்னால் சிரிப்பாள். அங்கே தெருவுக்குத் தெரு ஆலயம், பத்தாவது ஆளைத் தேடி யாரும் படிக்கட்டைப் பார்ப்பதில்லை.

ஜூலை 24, வியாழன்

‘அத்.’

ஜூலை 26, சனி, இரவு

ஆவ் மாதம் பிறந்தது. நாளையிலிருந்து நோன்பு முடியும் வரை வீட்டில் கறி கிடையாது.

இன்று தோராவில் வாசித்த பகுதியில் எகிப்திலிருந்து புறப்பட்டவர்கள் கூடாரம் போட்ட இடங்கள் வரிசையாக வரும். நாற்பத்திரண்டு. புறப்பட்டார்கள், தங்கினார்கள், புறப்பட்டார்கள், தங்கினார்கள். சின்ன வயதில் இதைவிட அலுப்பான பகுதி இல்லை என்று நினைத்திருக்கிறேன். இன்று ஒவ்வொரு ஊர்ப் பெயரிலும் அங்கே பத்துப் பேர் தேறியிருப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முற்றிவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு

ஆடி ஞாயிறு. தாராவிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது வேப்பிலைத் தோரணம், ஸ்பீக்கர், கூழ் அண்டா. பெரம்பூர் ஞாபகம் வந்துவிட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் மட்டும்தான் யூதர்கள். பத்துப் பேருக்கு எங்கே போவது? திஷா பே-ஆவ், அதாவது பெரிய நோன்பு அன்று அப்பா கூடத்தில் தரையில் உட்கார்ந்து எய்கா என்ற புலம்பல் நூலைத் தனியாகப் படிப்பார், வெளியே அம்மன் பாட்டு அலறிக்கொண்டிருக்கும். ஒரு வருடம் பக்கத்து வீட்டு அக்கா தூக்குவாளி நிறையக் கூழ் கொண்டுவந்தார். அப்பா நோன்பென்று தெரிந்ததும், “அப்படியா சார், எங்களுக்கும் ஆடிதான், நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டோம்” என்றார். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. எங்களுக்கும் இந்த மூன்று வாரம் கல்யாணம் கிடையாது, புதுத் துணி கிடையாது. கூழ் ராத்திரி வரை மூடியிருந்தது. நோன்பை அதில்தான் முடித்தார்.

அவர் தனியாகவே படித்தவர். பிறகு நான் ஏன் இப்படி எண்ணிக்கொண்டு கிடக்கிறேன்?

ஜூலை 30, புதன்

தாணே பெரியவருக்குச் சர்க்கரை 380. நோன்பு கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுபது வருடமாக விட்டதில்லை, இப்போது விட மாட்டேன் என்கிறார். ஹசான் போனிலேயே சத்தம் போட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் சாப்பிடுவதுதான் சட்டம், பட்டினி கிடப்பது பக்தி இல்லை, அகங்காரம். பெரியவர் போனை வைத்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்த எண்ணம், அப்படியானால் ஞாயிறு வருவாரா? வெட்கமாக இருக்கிறது, எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மொச்சை முளைகட்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் பிதுக்கி முடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2, சனி, இரவு

சப்பாத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நோன்பு வந்திருக்கிறது. சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டு முடித்தாயிற்று. சாம்பலில் தொட்ட முட்டை இந்த வருடம் இல்லை, சப்பாத்தில் துக்கம் காட்டக் கூடாது. பிறகு தோல் செருப்பை விட்டு ரப்பர் செருப்பு. சப்பாத்தை வழியனுப்பும் ஹவ்தாலாவில் தீபத்துக்கு மட்டும் ஆசி. சர்பத் நாளை இரவுதான்.

தோராச் சுருள் வைக்கும் பேழையின் திரையை எடுத்துவிட்டார்கள். விளக்கைக் குறைத்து, தரையில் உட்கார்ந்து எய்கா. எய்கா என்றால் ‘எப்படி’. ஜனம் நிறைந்திருந்த நகரம் எப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று தொடங்கும். பாபிலோனியர் இடித்தது கி.மு. 586, ரோமர் இடித்தது கி.பி. 70, இரண்டுக்கும் ஒரே நாள். நான் பார்த்தது தரையில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரையும், எழுபது பேர் உட்காரும் காலி பெஞ்சுகளையும்.

பெரியவர் வரவில்லை. முடிந்ததும் யாரும் யாரிடமும் பேசவில்லை, இன்று வணக்கம் சொல்லக் கூடாது. விரலும் தொடவில்லை. கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, இரவு

காலையில் ஒன்பது. மழை, அதோடு லைனில் மெகா பிளாக், பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கினோத், அதாவது புலம்பல் பாட்டு, படிக்கப் பத்து வேண்டாம் என்று ஹசான் தொடங்கிவிட்டார். காதிஷ் வர வேண்டிய இடங்களில் எல்லாம் அவர் ஒரு மூச்சு நிறுத்தி மேலே போனார். அந்த நிறுத்தம்தான் என்னை அசைத்தது.

நண்பகல் தாண்டினால் பெஞ்சில் உட்காரலாம். தரையிலிருந்து எழ முடியவில்லை, முட்டி. பல் டாக்டர் கை கொடுத்தார்.

ஹசான் சர்பத் பாட்டிலோடு காலையிலேயே தாணேக்குப் போகத் தயாராக இருந்தாராம். நோன்பில் சாப்பிட வேண்டிய நோயாளி, இந்த வருடம் முதலில் ஹவ்தாலா சொல்லிவிட்டுத்தான் வாயில் எதையும் வைக்கலாம். சொல்ல யாரும் இல்லை என்பதைச் சாக்காக வைத்துக் கிழவர் பட்டினி கிடப்பார் என்று பயம். கினோத் முடிந்ததும் போயே விட்டார். மூன்றரை மணிக்கு இரண்டு பேரும் ஒன்றாக நனைந்து வந்து நின்றார்கள். பிளாக்கில் பாதி வழி பஸ். பெரியவர் முகம் உர்ரென்று இருந்தது. “இரண்டு இட்லி” என்றார் என்னிடம், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல.

சாப்பிட்டவரைத் தோராவுக்கு அழைக்க மாட்டார்கள். அவருக்கு அது தெரியும், பின் பெஞ்சுக்குப் போய்விட்டார். ஆனால் காதிஷுக்கு எண்ணலாம். ஹோஷியா என்று ஆரம்பித்து அவர் வரை வந்தேன். ஓலாம்.

நாக்கு சுழிக்கவில்லை.

ஏழே முக்கால் போல முடித்தோம். முதலில் சர்பத், பிறகு ஷமாஷ் வாழையிலை போட்டார், சோறும் பிர்டாவும். இந்த நோன்புக்கே எங்கள் பாட்டிமார் வைத்த பெயர் ‘பிர்ட்யாச்சா சண்’, மொச்சைப் பண்டிகை. இரண்டு கோவில் இடிந்த நாளுக்குக் குழம்பின் பெயர்! உப்பு கொஞ்சம் தூக்கல். என் தப்புதான். பெரியவர் மூன்று தடவை வாங்கிக்கொண்டார், சர்க்கரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்று டீ. நான்கு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காதிஷ் சொல்லும் பதினோரு மாதம் என்றைக்கு முடிகிறது என்று சண்டை. இறந்த நாளிலிருந்தா, அடக்கம் செய்த நாளிலிருந்தா? ஹசான் கணக்கில் வியாழன். பெரியவர் கணக்கில் வெள்ளி. எனக்கு வெள்ளியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

தங்கை. பேப்பர் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஏழு ஐம்பது. மழை. பெரியவர் போனை எடுக்கவில்லை. அத்.