எரியாத டீசல்

தெப்பம் பார்க்காமல் ஊரைவிட்டுக் கிளம்ப முடியாது என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். தைப்பூசத்தன்று ராத்திரி, 2025 பிப்ரவரி 11, மீனாட்சியும் சொக்கரும் மைய மண்டபத்தைச் சுற்றி வந்ததைக் கரையில் நின்று கும்பிட்டுவிட்டு அனுப்பானடி வீட்டுக்கு வந்தோம். படுத்தது மூன்று மணி நேரம் இருக்கும். நாலரைக்குப் புல்லட்டை உதைத்தேன். இரண்டாவது உதைக்கே பிடித்துக்கொண்டது. அப்பா பின்னால் ஏறி, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். டிரைவருக்கு "போலாம் ரைட்" சொல்கிற கண்டக்டரின் தட்டு அது.

எங்கே போகிறோம் என்று கேட்ட எதிர் வீட்டு அத்தையிடம், "பெங்களூருல ப்ளைட் ஷோ, அப்புறம் கோயம்புத்தூருல கார் மியூசியம்" என்றேன். "இதுக்கா அம்புட்டுத் தூரம், அதுவும் இந்த வயசுல மோட்டார்சைக்கிள்லயா?" என்று அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அப்பாவுக்கு 69 வயது.

1978இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்து, 35 வருஷம் டெப்போவில் ஃபிட்டராக இருந்தவர். தனியார் பேருந்துகளை அரசு எடுத்து அந்தக் கழகத்தைத் தொடங்கியது 1972இல். பழைய கம்பெனியில் வேலை பார்த்த மூத்த ஃபிட்டர்களிடம்தான் அப்பா தொழில் படித்தார். அவர்கள் சொல்லிக்கொடுத்த ஒரு வித்தை எனக்கும் தெரியும். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின் பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பது. டேப்பட் தட்டுகிறதா, பேரிங் அரைக்கிறதா, எந்த சிலிண்டர் சுணங்குகிறது என்று அந்தக் கம்பி வழியாகச் சத்தம் வந்து சொல்லும்.

அந்தக் காதுகளைத்தான் அவர் டெப்போவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஷெட்டுக்குள் ஒரே நேரத்தில் நாலைந்து டீசல் எஞ்சின்கள் ரேஸ் ஆகும், தகரக் கூரை. காது டாக்டர் வரைபடத்தைக் காட்டினார். 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. இரைச்சலில் கெடுகிற காது முதலில் அங்கேதான் கெடுமாம். போன நரம்பு திரும்பி வராது. அதனால் லாரி வருவது அவருக்குக் கேட்கும், பேத்தி பேசுவது கேட்காது. வாங்கிக்கொடுத்த காது மிஷின் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. அதைப் போட்டால் கரகரப்புதான் கேட்கிறது என்கிறார்.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை டேங்க் மேல் உட்காரவைத்து பெருங்குடிப் பக்கம் ஏர்போர்ட் சுவரோரம் கொண்டுபோவார். விமானம் இறங்குகிற வரை இருவரும் பேசாமல் நிற்போம். அவர் இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஏற வேண்டும் என்று கேட்டதும் இல்லை. அவர் கேட்டதெல்லாம், "அந்த எஞ்சின் எப்படிச் சத்தம் போடும்னு பக்கத்துல நின்னு ஒரு தடவ கேக்கணும்த்தா" என்பதுதான். பெங்களூரில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி என்று தெரிந்ததும், பொதுமக்களை விடுகிற இரண்டு நாட்களில் முதல் நாளுக்கு, பிப்ரவரி 13 வியாழக்கிழமைக்கு, இரண்டு டிக்கெட் போட்டேன். காதில் மிச்சம் இருக்கும்போதே போய்விட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1989இல் அப்பா பி.எஃப். கடன் போட்டு வாங்கியது. திருவொற்றியூரில் செய்த வார்ப்பிரும்பு எஞ்சின், 346 சிசி, நாலு கியர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நான் ஓட்டக் கற்றதே இதில்தான் என்பதால் மற்ற வண்டிகள்தான் எனக்குத் தலைகீழாகத் தெரியும். இரண்டு ஆளோடு 65க்கு மேல் விரட்டக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

பாத்திமா காலேஜ், சமயநல்லூர் தாண்டி நான்கு வழிச்சாலையில் ஏறியபோது நிலா மேற்கே கொடைக்கானல் மலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கம் சிறுமலை இன்னும் கறுப்பாகவே இருந்தது. பழனியிலிருந்து பச்சை வேட்டிக்காரர்கள் வேன் வேனாகத் திரும்பி வந்தார்கள். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. இதே சாலைதான் பெங்களூரைக் கடந்து எலகங்கா விமானப்படைத் தளத்தை ஒட்டி வடக்கே போகிறது. ஊருக்குள் நுழைகிற சுற்றை விட்டால் எங்கேயும் சாலை மாற வேண்டியதில்லை என்று அப்பாவிடம் மேப்பில் காட்டியிருந்தேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "நம்ம ரோடு" என்றே வழியெல்லாம் சொன்னார்.

கரூரில் டீ குடிக்க நின்றபோது, பாடி கட்டுவதற்காக வெறும் சேஸிஸாகப் போய்க்கொண்டிருந்த பேருந்தைக் காட்டி அரை மணி நேரம் பேசினார். கேபின் கூட இல்லாமல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் அதை ஓட்டிப்போனார். நாமக்கல், சேலம் எல்லாம் வெயிலில் ஓடி மறைந்தன.

தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் கிளட்ச் கேபிள் அறுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பின்னால் வருவதெல்லாம் லாரி. அப்பா இறங்கி ஹேண்டில்பாரைத் தடவினார். போன மாதமே புதுக் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு ஒட்டி, கிளட்ச் வரைக்கும் இழுத்து, கட்டியே வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவேயில்லை. இரண்டு முனையையும் மாட்டி, அட்ஜஸ்டரைத் திருகி, பத்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது. கையைத் துடைத்துக்கொண்டே எதிர்ப் பக்கம் தருமபுரியிலிருந்து இறங்குகிற லாரிகளைப் பார்த்தவர் முகம் சுண்டியது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்கள் அதில் உண்டு. எஞ்சின் பிடிமானம் இல்லாமல் முழு பாரமும் பிரேக் மேல் விழும்போது டிரம் காய்ந்து லைனிங் வழுக்கிவிடும். எஞ்சினையே அணைத்துவிட்டால் கம்ப்ரெஸர் நின்று, மிதிக்க மிதிக்கக் காற்றழுத்தம் குறையும். "ஏறுன கியர்லதான் இறங்கணும். இதைச் சொல்லிச் சொல்லியே ரிட்டையர் ஆனேன்" என்றார், ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற குரலில். வெள்ளிக்கிழமை நாங்கள் அதே கணவாயில் இறங்கும்போது என் தோளை அவர் விடவேயில்லை.

எலகங்காவில் மறுநாள் காலை எட்டு மணிக்கே கூட்டம். வண்டியை விட்ட இடத்திலிருந்து நடந்த தூரம் அவர் முழங்காலுக்கு அதிகம்தான். தண்ணீரும் நாங்கள் கொண்டுபோனதுதான். இந்த முறை ரஷ்யாவின் சுகோய் 57, அமெரிக்காவின் எஃப் 35 இரண்டும் வந்திருந்ததால் எல்லோர் வாயிலும் அந்தப் பேச்சு. அப்பாவுக்குப் பெயர்களில் அக்கறை இல்லை. தடுப்புக் கம்பி ஓரமாக இடம் பிடித்து நின்றுகொண்டார்.

காதில் வைக்கிற பஞ்சு அடைப்பான் வாங்கி வந்திருந்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டார். "கேக்கத்தான வந்தேன்." எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டாமா? கடைசியில், முதல் விமானம் ஒன்றுக்கு மட்டும் வெறும் காது, அப்புறம் அடைப்பான் என்று பேசி முடித்தோம்.

முதலில் போனது தேஜஸ், நம் நாட்டிலேயே செய்த போர் விமானம். ஓடுதளத்தில் தலை தூக்கியதும் வந்த சத்தம் நெஞ்சுக்கூட்டைப் பிடித்து உலுக்கியது. அப்பா சிரித்தார். வாயைத் திறந்து, குழந்தை மாதிரி. அப்புறம் சொன்னபடி அடைப்பானை வாங்கி வைத்துக்கொண்டார். சுகோய் 30 வந்தபோது குனிந்து, இரும்புக் கம்பியின்மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் மயக்கம் என்று பதறினார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவர் இல்லை, கம்பி இருக்கிறது. நிமிர்ந்து இரண்டு விரலைக் காட்டினார். "மொதல்ல போனது ஒத்த எஞ்சின். இது ரெட்டை." சரியாகத்தான் சொன்னார்.

பிறகு விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரண். ஒன்பது ஹாக் விமானங்கள், சிவப்பும் வெள்ளையும், றெக்கைக்கு றெக்கை ஒட்டிக்கொண்டு. 1996இல் பீதரில் தொடங்கிய குழு இது. வாலில் வெள்ளைப் புகையை இழுத்துக்கொண்டு அவை தலைக்கு மேல் போனபோது கூட்டம் முழுக்கக் கைபேசியைத் தூக்கியது. அப்பா மட்டும் கையை நெற்றியில் வைத்துப் புகையையே பார்த்தார். "எரியாத டீசல்" என்றார்.

ஜெட் விமானத்தில் ஏதுப்பா டீசல் என்றேன். "கறுப்பா வந்தா காத்து பத்தல. நீலமா வந்தா ஆயில் எரியுது. இப்படிப் பால் மாதிரி வந்தா டீசல் எரியாம ஆவியாப் போகுது. வேறென்ன?" அன்று ராத்திரி லாட்ஜில் தேடிப் படித்தேன். சாகசக் குழுக்கள் எஞ்சினின் வெளிவாயுவில் டீசலைத் தெளிக்கிறார்கள். அந்தச் சூட்டில் அது எரியாமல் ஆவியாகி, வெளிக்காற்றில் குளிர்ந்து வெண்புகையாகிறது. நிறம் வேண்டுமென்றால் சாயம் சேர்ப்பார்கள். தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் காதருகே கத்திச் சொன்னேன். "அதான் சொன்னேனே" என்று திரும்பிப் படுத்தார்.

கோயம்புத்தூருக்கு வெள்ளிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை காலை அவினாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம். 1886இல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியின் மாதிரியிடம்தான் அப்பா அதிக நேரம் நின்றார். அசல் வண்டிக்கு 954 சிசி எஞ்சின், ஆனால் திறன் ஒரு குதிரைக்கும் குறைவு. எங்கள் புல்லட் 346 சிசியில் 18 குதிரை இழுக்கும். அதைச் சொன்னதும், "இவர் செய்யலேன்னா அது ஏது?" என்றார். எதையும் தொடக்கூடாது என்பதால் இரண்டு மணி நேரமும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார். ஒவ்வொரு காருக்கும் குனிந்து அடிப்பக்கம் பார்த்தார்.

ஜி.டி. நாயுடு பிறந்தது 1893இல், சூலூர் பக்கத்துக் கலங்கலில். வியாழக்கிழமை எங்கள் தலைக்கு மேல் பறந்த தேஜஸின் முதல் இரண்டு படைப்பிரிவுகளுக்கும் அந்தச் சூலூர்தான் வீடாக இருந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார்சைக்கிளைப் பார்த்து மனம் பறிகொடுத்து, கோவையில் ஹோட்டல் வேலை செய்து காசு சேர்த்து, அதையே விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்து மாட்டிய மனிதர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பேருந்து விட்டார். முதல் பேருந்தை ஓட்டியதும் அவரேதான். இதைக் கேட்டதும் அப்பா, தாராபுரம் வழி வேண்டாம், அந்த ரோட்டிலேயே ஊருக்குப் போகலாம் என்றார்.

பொள்ளாச்சி, உடுமலை. தென்னந்தோப்பு, காற்றாலை. பழனி பேருந்து நிலையத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார். தைப்பூசம் முடிந்து நாலு நாள் ஆகியும் கூட்டம் குறையவில்லை. திண்டுக்கல் பேருந்து ஒன்று எஞ்சின் ஓட நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் போய்ப் புகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் முன்னால் போய், டிரைவர் ஜன்னலுக்குக் கீழே தகட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"ஒரு இன்ஜெக்டர் ஒழுகுது தம்பி. டெப்போவுல எழுதிப் போடுங்க."

டிரைவர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு நாளா வண்டி இழுக்கலண்ணே. நீங்க எந்த டெப்போ?"

அப்பாவுக்குக் கேட்கவில்லை. நான்தான் சத்தமாகச் சொன்னேன், மதுரை, பழைய பாண்டியன் ஆள் என்று. டிரைவர் இறங்கி வந்து எஞ்சின் மூடியைத் திறந்து காட்ட, அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு படியேறினார். நான் புல்லட்டை ஓரமாகத் தள்ளி ஸ்டாண்ட் போட்டேன்.