யாங்கி ஸ்டேஷனில் இட்லி மாவு

நேற்று சாயங்காலம் அப்பா கையும் பீருமாகப் பிடிபட்டார்.

அப்பாவைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆமாம், திருச்செந்தூருக்கு நடந்தே போகிற அதே அப்பாதான். மோர் லேசாகப் புளித்தாலே "இது நுரைக்குது, எனக்கு வேண்டாம்" என்று தள்ளி வைக்கிற அதே ஆள்.

எல்லாம் திராட்சைத் தாத்தாவால் வந்த வினை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இந்தப் பெயரை வைத்தது எங்கள் வீட்டுக் குட்டிதான். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் வேலைக்கு ஒரு நிறச் சட்டை. விமானத்துக்கு வழிகாட்டுபவருக்கு மஞ்சள், குண்டு மாட்டுபவருக்குச் சிவப்பு, எரிபொருள் ஊற்றுபவருக்கு ஊதா. ஊதாச் சட்டைக்காரர்களைத் திராட்சை என்றுதான் கூப்பிடுவார்களாம். பெரியவர் இருபத்திரண்டு வருஷம் திராட்சையாக இருந்தவர்.

இங்கே வர்ஜீனியா பீச்சில் தடுக்கி விழுந்தால் ஒரு கடற்படைக்காரர் மேல்தான் விழ வேண்டும். தலைக்கு மேல் எந்நேரமும் ஹார்னெட் விமானம். அம்மாவுக்கு அதில் தீராத கோபம். "மூணு விசில் வெச்சா ரெண்டுதான் காதுல விழுது. மூணாவதை இவன் தின்னுட்டுப் போயிடறான்" என்று குக்கர் முன்னால் நின்று வானத்தைத் திட்டுவாள். பருப்பு குழைந்தால் அமெரிக்கக் கடற்படை பொறுப்பு.

அப்பா வந்து இறங்கிய மூன்றாம் நாளே வேலியோரம் சிநேகம் பிடித்துவிட்டார். அம்பாசமுத்திரத்தில் முப்பத்தொரு வருஷம் பூகோளம் நடத்தியவருக்குக் கப்பலில் உலகம் சுற்றியவர் கிடைத்தால் விடுவாரா? பெட்டியில் வடகத்துக்கு இடமில்லாமல் அடித்துக் கொண்டுவந்த பள்ளிக்கூட அட்லஸுக்கு அன்றைக்குத்தான் விடிவு பிறந்தது.

"ஏட்டி, யாங்கி ஸ்டேஷன் தெரியுமா?" என்றார் ராத்திரி. நான் ஏதோ ரயில் ஸ்டேஷன் என்று நினைத்தேன். அவரும் முதலில் அப்படித்தான் நினைத்தாராம். வியட்நாம் போரில் அமெரிக்கக் கப்பல்கள் டோங்கின் வளைகுடாவில் ஒரே வட்டாரத்தில் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டு வடக்கு வியட்நாம் மேல் குண்டு போட விமானம் அனுப்பின. அந்த வட்டாரம்தான் யாங்கி ஸ்டேஷன். மிதவை இல்லை, பலகை இல்லை, வெறும் தண்ணீர். வரைபடத்தில் ஒரு புள்ளி: வடக்கே 17½ பாகை, கிழக்கே 108½ பாகை. தெற்கு வியட்நாமுக்கு வெளியே இன்னொரு புள்ளி: வடக்கே 11, கிழக்கே 110. அதற்கு டிக்ஸி ஸ்டேஷன் என்று பெயர். 1861-65இல் அமெரிக்கர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டபோது வடக்கத்தியான் யாங்கி, தெற்குச் சீமை டிக்ஸி. நூறு வருஷத்துக்கு முந்தைய பங்காளிச் சண்டையின் பெயரை அடுத்தவன் கடலில் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் தெரு பிரிந்தால் மேலத்தெரு, கீழத்தெரு என்று வைக்கிற அதே புத்திதான், குண்டு மட்டும் கூடுதல்.

"11 பாகைன்னா என்ன தெரியுமாட்டி? தரங்கம்பாடி! டேனிஷ் கோட்டை வாசல்ல நின்னு நேர் கிழக்கே பார்த்தா டிக்ஸி. யாங்கி, விசாகப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே." மர ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். பெரியவரிடமும் காட்டியிருக்கிறார். தரங்கம்பாடியை அந்த மனுஷர் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. அன்றிலிருந்து அப்பாவை 'புரொஃபசர்' என்றுதான் கூப்பிடுகிறார். அப்பாவின் நடையே மாறிவிட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புதிதாக வருகிற கப்பல் முதலில் டிக்ஸியில் கொஞ்ச நாள் கை பழகும், எதிர்ப்பு குறைவான இடமென்பதால். அப்புறம்தான் வடக்கே யாங்கிக்கு ஏறும், அங்கே ஏவுகணை, பீரங்கி எல்லாம் உண்டு. இதைக் கேட்டுவிட்டு வந்த மறுநாள் எங்கள் வீட்டு ஹால் சோபா டிக்ஸி ஸ்டேஷன் ஆனது, அடுப்படி யாங்கி ஸ்டேஷன் ஆனது. சோபாவில் உட்கார்ந்து பூண்டு உரித்துத் தேறியவர்கள் மட்டும் யாங்கிக்குள் நுழையலாம். என் வீட்டுக்காரர் பதினொரு வருஷமாக டிக்ஸியிலேயே இருக்கிறார். நிஜ டிக்ஸியையே 1965 மே மாதம் தொடங்கி 1966 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள் என்று நான் எடுத்துச் சொல்லியும் பயனில்லை, பூண்டோடு சரி.

நடுவில் இரண்டு நாள் மட்டும் அப்பா அடுப்படியை அடுப்படி என்றே சொன்னார். என்ன என்று கேட்டேன். 1967 ஜூலை 29, அதே யாங்கி ஸ்டேஷனில் ஃபாரஸ்டல் கப்பலின் மேல்தளத்தில் ஒரு ராக்கெட் தானாகப் பாய்ந்து, எரிபொருள் கொட்டித் தீப்பிடித்து 134 பேர் செத்துப்போனார்கள். பெரியவர் அன்றைக்கு உதவிக்கு வந்த ஒரிஸ்கனி கப்பலில் இருந்தாராம். அவருக்கு அப்போது இருபது வயது. அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, வெட்டின புல்லையே மறுபடி வெட்டப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி அம்மா ஒரு டப்பாவில் பருப்புப் பாயசம் கொடுத்தனுப்பினாள். அவளிடம் அப்பா என்ன சொன்னாரோ தெரியாது.

மூன்றாம் நாள் கான்சோ ஸ்டேஷன் வந்தது.

1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்துக்காரர்களைப் பிணை பிடித்தார்களே, அதன்பின் அமெரிக்கக் கப்பல்கள் அரபிக்கடலில் போய்த் தவம் கிடந்தன. அந்த இடம்தான் கான்சோ. பக்கத்தில் இறங்க ஒரு துறைமுகம் கிடையாது, சுட எதிரி கிடையாது, வெயில் மட்டும் உண்டு. 1980 ஏப்ரலில் நிமிட்ஸ் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர் மீட்கக் கிளம்பி, பாலைவனத்தில் எட்டு உயிர் போனதோடு காரியம் கெட்டது. அதே மாதம் இந்தப் பக்கத்து ஊர் நார்ஃபோக்கிலிருந்து கிளம்பிய ஐசனோவர் கப்பல் வீடு வந்து சேர்ந்தது டிசம்பரில். நம்மவர் அதில்தான் இருந்தார். அமெரிக்கக் கப்பலில் 1914 முதல் மது கிடையாது. ஆனால் கரையே மிதிக்காமல் 45 நாள் கடந்தால் ஆளுக்கு இரண்டு டப்பா பீர்.

இந்த இடத்தில் அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரைப் பார்த்திருக்கிறார். கிழித்த தாள்களை அட்லஸுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தார், ராகுகாலம் எமகண்டத்தோடு. எண்ணினால் முப்பத்தெட்டு.

அடுத்த ஒரு வாரம் வேலியோரம் நடந்தது முழுக்கச் சட்ட விவாதம் என்று இப்போதுதான் தெரிகிறது. காஸ்ட்கோ கடைக்குப் போனது கரை இறங்கினதாகுமா? ஆகாது, அது நடுக்கடலில் சரக்கு ஏற்றுவது. கோயிலுக்குப் போனது? கப்பலிலேயே பாதிரியார் உண்டு, சாமி கும்பிடுவது கணக்கில் வராது. குட்டியின் பள்ளி விழா? அது காவல் பணி.

நேற்று 45. பெரியவர் பழைய ஊதாச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு, தொப்புள் தெரிய, ஐஸ் நீர் சொட்டும் இரண்டு டப்பாவோடு வாசலுக்கு வந்தார். அப்பா வேட்டியை அவிழ்த்துக் கட்டி விறைப்பாக நின்றார். பெரியவர் சல்யூட் அடித்தார். அப்பா கும்பிட்டார். அந்த நேரம் பார்த்து ஹார்னெட் ஒன்று கூரையை உரசிக்கொண்டு போக, விசில் எண்ணிக்கை தவறிய அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்னங்க அது?"

"சோடா."

"பீர்!" என்றார் பெரியவர் பெருமையாக. அவருக்குத் தமிழ் தெரியாது, தொனி தெரிந்திருக்கிறது.

நான் நடுவில் நின்று எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கப்பல்ல சமைக்கிறவங்களுக்கும் இது உண்டான்னு கேளு" என்றாள். உண்டு, எல்லாருக்கும் உண்டு என்றார். அம்மா கையை நீட்டினாள். அப்பா ஒரு டப்பாவைக் கொடுத்தார். கொண்டுபோய் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தாள்.

"ஊர் பேர்லயே பீச் இருக்கு. வந்து 45 நாளாச்சு. அட்லஸ்ல அத்தனை கடலையும் காட்டறாரு உங்கப்பா. இருபது நிமிஷத்துல இருக்கற கடலை எனக்கு ஒருத்தரும் காட்டல."

யாரும் பேசவில்லை. பெரியவர் மட்டும் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். மொழிபெயர்க்க வாய் வரவில்லை.

சனிக்கிழமை போகிறோம். அம்மா புளியோதரை கட்டுகிறாள், இவர் டிக்ஸியில் வேர்க்கடலைத் தோல் நீக்குகிறார். அப்பாவுக்குத்தான் தூக்கமில்லை. இங்கே தங்குகிற ஆறு மாதத்தில் இன்னும் 135 நாள் பாக்கி, 45ஆல் வகுத்தால் மீதியில்லாமல் மூன்று. ஆனால் கடற்கரையில் கால் வைத்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்குமா? காலையிலேயே அட்லஸைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை.